நாயகி அக்காவின் மேஜை வழியே வந்த நெட்

நம் தொழிலில் பல வருஷம் இருந்துவிட்டவனுக்கு மனிதர்களை முகத்தைவிடக் காலால்தான் அதிகம் தெரியும். மேஜைக்கு அடியில் படுத்து ஒயர் தேடும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பவை கால்கள்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருப்பவர், பதற்றத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருப்பவர், குதிகால் வெடிப்புக்குக் களிம்பு தடவியிருப்பவர். மேலே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். கீழே ஓர் ஆள் கிடக்கிறான் என்பதே கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு மறந்துவிடும்.

ஒரு சின்ன அலுவலகத்தில் ஒரே ஒரு நெட் இணைப்பை எல்லா மேஜைகளுக்கும் எப்படிப் பகிர்ந்து கொடுப்பது என்று புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எந்த ஒயரை எந்தத் துளையில் சொருகுவது என்பது இப்போது பெட்டியின் மேலேயே படம் போட்டு வருகிறது. அதற்கு என்னைப் போல ஓய்வு பெற்றவன் தேவையில்லை. அதனால் நான் ஓர் ஆபீஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீடாமங்கலத்தில் ஸ்டேஷன் ரோட்டில் மாடியில் இருந்த ஒரு லாரி ஆபீஸ்.

என் கம்பெனி தஞ்சாவூரில். நீடாமங்கலம், வலங்கைமான், நன்னிலம் பக்கமெல்லாம் என் பொறுப்பு. தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் இரண்டு பக்கமும் வயல்தான், நடவு, கதிர், தாளடி என்று அதுபாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். மத்தியானம் எந்த ஊரில் இருக்கிறேனோ அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் சாப்பாடு. எதிரில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போவார், இன்னொருவர் வந்து உட்காருவார், இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு நானும் எழுந்து போவேன். வீட்டில் எனக்கு மனைவியும் மகளும் இருந்தார்கள். இருந்தாலும் பகல் முழுக்கத் தனியாகத்தான் போகும். நெட் வராத இடத்துக்கு மட்டுமே போகிறவன் நான். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட யாருக்கும் காரணம் இருக்காது. நெட் வந்துவிட்டால், நான் பையை மூடுவதற்குள் எல்லாரும் திரையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள்.

அந்த லாரி ஆபீஸின் முதலாளி சாகுல் பாய். அரசாங்கக் கொள்முதல் நிலையங்களில் பிடிக்கும் நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றி, நீடாமங்கலம் ஸ்டேஷனில் நிற்கும் கூட்ஸ் வண்டிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் லாரிகள் அவருடையவை. ஆபீஸில் ஐந்து கணினிகள். நெட் இணைப்பு ஒன்றே ஒன்று. அது டெலிபோன் ஒயர் வழியாக வந்து ஜன்னலோரம் இருந்த ஒரு மேஜையில் இறங்கும். அந்த மேஜைக் கணினி முதலில் நெட்டில் சேர வேண்டும். அதற்குப் பிறகு அதன் வழியாகத்தான் மற்ற நான்குக்கும் போகும். அந்த ஒன்று அணைந்திருந்தால் ஆபீஸில் யாருக்கும் நெட் கிடையாது. ராவுட்டர் என்ற பெட்டி நம் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு வந்து சேராத காலம். எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்துகொடுத்தோம்.

அந்த ஜன்னலோர மேஜையில் இருந்தவர் தையல்நாயகி. ஆபீஸில் எல்லாருக்கும் நாயகி அக்கா. எனக்கும்தான். ஐம்பதைத் தாண்டியவர். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கல்யாணம் தள்ளிப் போய், பிறகு பேச்சே இல்லாமல் போயிற்று என்று சேகர் ஒருமுறை சொன்னார். சேகர் அங்கே லோடு கணக்கு பார்ப்பவர், வலங்கைமானிலிருந்து வருபவர். நாயகி அக்காவின் அம்மாவும் இறந்த பிறகு ஆற்றங்கரைத் தெருவில் அந்த வீட்டில் அக்கா மட்டும்தான். தம்பி ஒருவர் சென்னையில். பொங்கலுக்கு வருவார், வராமலும் இருப்பார்.

காலையில் ஆபீஸைத் திறப்பவர் நாயகி அக்காதான். ஜன்னலைத் திறந்துவிட்டு, தன் கணினியை எழுப்பி, திரையில் இருக்கும் ஒரு சின்னப் படத்தைத் தட்டுவார். அது கொஞ்ச நேரம் யோசித்து, இணைந்துவிட்டது என்று சொல்லும். அதற்குள் ஒவ்வொருவராக மாடி ஏறி வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்.

“அக்கா, நெட்டு விட்டாச்சா?”

“விட்டாச்சு, விட்டாச்சு. வந்து உக்காருங்க. என்ன, கண்ணெல்லாம் செவந்திருக்கு? தூங்கலையா?”

அடுத்தவர் வருவார். அதே கேள்வி. அதற்கும் பதில், கூடவே ஒரு விசாரிப்பு. சாயங்காலமும் அப்படித்தான். “அக்கா, நான் முடிச்சிட்டேன், நீங்க நிறுத்திக்கலாம்” என்று கடைசி ஆள் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அவர் தன் கணினியை அணைக்க முடியும். சில நாள் இருட்டிவிடும். நான் அதைப் பார்த்து, இந்தம்மாவுக்கு எவ்வளவு தொந்தரவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏதாவது கோளாறு என்றால் எனக்கு போன் செய்பவரும் அவர்தான். “சார், நாயகி பேசறேன். நெட்டு போயிடுச்சு சார். எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.” சொல்லும்போது குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பை நான் அப்போது சரியாகக் கேட்கவில்லை.

பிறகு ராவுட்டர் வந்தது. சாகுல் பாய் கும்பகோணத்தில் ஒரு நண்பர் கடையில் பார்த்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். “சுவத்துல ஒரு பொட்டி மாட்டிட்டா போதுமாமே சார். எந்த மிஷின் ஓடுனாலும் ஓடலன்னாலும் மத்ததுக்கு நெட்டு வருமாமே. நமக்கும் மாட்டிடுங்க.”

ஒரு மத்தியானத்து வேலை. தண்ணீர் கேன் வைத்திருந்த இடத்துக்கு மேலே சுவரில் பெட்டியை மாட்டினேன். டெலிபோன் ஒயரை வாங்கும் மோடம் நாயகி அக்காவின் மேஜையிலேயே இருந்தது. அதிலிருந்து ஓர் ஒயரை இழுத்துப் பெட்டியில் சொருகினேன். இனிமேல் எல்லாருக்கும் நெட் சுவரிலிருந்து போகும். நாயகி அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என் மிஷின அணைச்சாலும் அவங்களுக்கு வருமா சார்?”

“வரும்க்கா. இனிமே நீங்க முதல்ல வரணும்னு இல்ல. கடைசிவரைக்கும் உக்காந்திருக்கணும்னும் இல்ல.”

நல்ல செய்தி சொல்கிறவனின் குரலில்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“வேணும்னா அணைச்சுப் பாருங்களேன்” என்றேன். நமக்கு ஒரு சோதனையும் ஆயிற்று.

அவர் அணைத்தார். திரை கறுப்பானது. அவர் திரும்பி ஹாலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சேகர் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவரவர் வேலையில் இருந்தார்கள். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. மின்விசிறிச் சத்தமும் விசைப்பலகைச் சத்தமும் மட்டும்தான். நாயகி அக்கா அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வருது சார்” என்றார். “நல்லாவே வருது.”

நான் பையை மூடிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆபீஸிலிருந்து எனக்கு போனே வராது என்று நினைத்திருந்தேன். சில வாரத்தில் வந்தது. “சார், நாயகி பேசறேன். நெட்டு போயிடுச்சு.” போனேன். சுவரில் இருந்த பெட்டியில் ஒயர் பாதி வெளியே வந்திருந்தது. உள்ளே தள்ளினேன், சரியாயிற்று. கொஞ்ச நாளில் மறுபடியும். மறுபடியும் அதே ஒயர். நான் போகும்போதெல்லாம் எல்லாரும் ஜன்னலோர மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, “என்னக்கா ஆச்சு? எப்ப வருமாம்?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர், “சாருக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டிருக்காரு, பொறுங்க” என்று எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு டீ சொல்லி வைத்திருப்பார்.

அடுத்த தடவை போனபோது ஒயரைத் தள்ளிவிட்டு அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கே தெரியும், அந்த ஒயரின் தலையில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. உள்ளே போனதும் டக் என்று பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலால் அந்த நாக்கை அமுக்கினால்தான் வெளியே வரும். தானாக நழுவாது. யாரோ அமுக்கி எடுத்திருக்கிறார்கள். எனக்கு போன் வந்ததெல்லாம் ஆபீஸ் திறந்த உடனேதான், அப்படியானால் எடுத்ததும் காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன்னால்.

நான் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தேன். நாயகி அக்கா என்னைப் பார்க்கவில்லை. டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறிடப்போகுது சார்” என்றார்.

குடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இதற்கு என்ன செய்வது என்று யோசித்தேன். பூட்டுப் போட்ட இரும்புக் கூண்டு கிடைக்கும், பெட்டியை அதற்குள் வைத்துச் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிடலாம். தொழில்படி அதுதான் சரி. ஒரு கூண்டு வாங்கியும் வைத்தேன். ஆனால் பைக்குள்ளேயே கிடந்தது. அந்தக் கூண்டை மாட்டும்போது அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பாரே, அதை நினைத்தால் கை போகவில்லை.

அதற்குள் சாகுல் பாயே போன் செய்தார்.

“சார், நேராக் கேக்கறேன். இது தானா கழலுதா, யாராச்சும் பிடுங்கறாங்களா?”

“பாத்துதான் சொல்லணும் பாய்.”

“எனக்கு அந்த சேகர் மேலதான் சந்தேகம். லேட்டா வர்றான்னு திட்டுனேன், அதுலேருந்து மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியறான். நெட்டு இல்லன்னா அவனுக்கு வேலையில்ல பாருங்க, டீக்கடையில போயி உக்காந்துக்கலாம். இன்னொரு வாட்டி ஆகட்டும், ஆள மாத்திடறேன்.”

சேகர் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆபீஸுக்குக் கடைசியாக வருகிறவர் அவர்தான், வலங்கைமான் பஸ் வந்தால்தான் அவர் வருவார். “அவசரப்படாதீங்க பாய், நான் நேர்ல வந்து பேசறேன்” என்று சொல்லி போனை வைத்தேன். சேகருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல் இன்னொருவரைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று யோசித்தேன். நல்ல வழி ஒன்றும் தோன்றவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. கம்பெனியில் சொன்னால், ‘கோளாறு என்ன, சரி செய்தாயா’ என்பதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

நேரில் போய்ப் பேசுவதற்குள் அந்த நாள் வந்துவிட்டது.

நெல் ஏற்றும் லாரிகளுக்கான அந்தப் பருவத்து டெண்டர். ஆன்லைனில்தான் போட வேண்டும், பிற்பகலோடு கதவை மூடிவிடும். அது கை நழுவினால் பாயின் லாரிகள் அறுவடைக் காலம் முழுக்கச் சும்மா நிற்கும். டிரைவர்கள் வேறு ஊர் பார்த்துப் போய்விடுவார்கள். அன்று எனக்கு மன்னார்குடியில் வேலை. பாய் போனில் கத்தினார்.

“நெட்டு செத்துப் போச்சு சார்! இன்னைக்குன்னு பாத்து! எங்க இருக்கீங்க?”

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அந்த கேட் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் போகும், நிற்கும், பின்னால் வரும். பஸ்ஸிலிருந்து இறங்கி கேட் அருகில் போய் நின்றேன். வேகன் வேகனாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஹாரன் சத்தம். அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டு நான் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். போனவுடன் பாய் கேட்பார், யார் பிடுங்கியது என்று. என்ன சொல்வேன்? கடைசி வேகன் போகும்வரை அந்த வாக்கியம் கிடைக்கவில்லை.

மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது.

“ஏன்யா, ஆத்திரத்தை இன்னைக்குத்தான் காட்டணுமா? என் பொழப்புல மண்ணைப் போடணும்னே வந்தியா?”

“சத்தியமா நான் தொடல பாய். என் புள்ளைங்க மேல சத்தியம்” என்று சேகர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நாயகி அக்கா தன் மேஜையருகில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

நேராகப் பெட்டியிடம் போனேன். ஒயர் ஒழுங்காக மாட்டியிருந்தது. டக் என்று பிடித்திருந்தது. ஆனால் ஒரு விளக்கும் எரியவில்லை. கழற்றி மூக்கருகில் கொண்டுபோனேன். தீய்ந்த வாடை. காலையில் கரண்ட் ஏறி இறங்கியிருக்கிறது, பெட்டி உள்ளுக்குள்ளேயே வெந்துவிட்டது. மோடம் மட்டும் நாயகி அக்காவின் யுபிஎஸ்ஸில் சொருகியிருந்ததால் தப்பித்தது.

“பாய், யாரு என்னன்னு அப்புறம் பேசலாம். மொதல்ல லைன் வரட்டும்” என்றேன்.

புதுப் பெட்டிக்குத் தஞ்சாவூர் போக வேண்டும், நேரம் இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்றால், டெண்டரில் போட வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து பாயின் கணினியில்தான் ஏற்றப்பட்டிருந்தது. இன்றைக்குப் போல செல்போனிலிருந்து நெட் எடுத்துக்கொள்ளும் காலமும் அல்ல. டெலிபோன் ஒயரோ பாயின் அறைவரை எட்டாது. ஒரே வழிதான் இருந்தது.

“அக்கா, உங்க மிஷின ஆன் பண்ணுங்க.”

“பழைய மாதிரியா சார்?”

“ஆமாக்கா. பழைய மாதிரியே.”

மேஜைக்கு அடியில் படுத்தேன். மோடத்து ஒயரை அவர் கணினியின் பழைய துளையில் சொருகினேன். அங்கிருந்து மற்ற மேஜைகளுக்குப் போகும் ஒயரையும் சேர்த்தேன். “அந்தப் பழைய படம் இருக்காக்கா?” என்று கீழிருந்து கேட்டேன். “இருக்கு சார். அழிக்கல” என்றார். தட்டச் சொன்னேன். அது யோசித்தது.

“சேந்துடுச்சு” என்றார் நாயகி அக்கா.

மற்ற கணினிகளை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டுப் பாயின் கணினிக்கு மட்டும் விட்டேன். பாய் ஒவ்வொரு தாளாக ஏற்ற ஆரம்பித்தார். லைன் மெதுவாகத்தான் போனது. “யாரும் எதையும் தொட வேணாம்” என்று மட்டும் சொன்னேன். பழைய ஒயர், தளர்ந்த துளை. நான் கீழேயே உட்கார்ந்து அதைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் நாயகி அக்காவின் கால்கள். தெரியாமல்கூட ஒயரில் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்திருந்தார். அவ்வளவு நேரமும் அவை அசையவே இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்ற பாயின் குரல் கேட்டதும் கையை எடுத்தேன். ஏறிவிட்டது. எழுந்து நின்று சட்டையைத் தட்டிக்கொண்டேன்.

பாய் தன் அறையிலிருந்து ஹாலுக்கு வந்து ஒரு நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “இப்ப சொல்லுங்க சார். எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க. யாரு?”

“இன்னைக்கு யாரும் இல்ல பாய். கரண்ட்டுல பொட்டி வெந்து போச்சு. இந்தாங்க, மோந்து பாருங்க.”

அவர் மோந்து பார்த்தார். “சரி. இன்னைக்கு இல்ல. முன்னாடி?”

சேகர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

“நான்தான் பாய். முன்னாடியெல்லாம் நான்தான் பிடுங்குனேன். சேகர ஒண்ணும் சொல்லாதீங்க.”

பாய்க்கு முதலில் புரியவில்லை. “நீங்களாம்மா? எதுக்கு?”

நாயகி அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முன்னாடி காலைல வந்ததும் எல்லாரும் கேப்பாங்க. நெட்டு விட்டாச்சா அக்கான்னு. இப்ப யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. வர்றாங்க, நேராப் போயி உக்காந்துடறாங்க.” நிறுத்தினார். “வீட்டுலதான் பேச ஆளு இல்ல. அது பழகிப் போச்சு. இங்கயும் அப்படி ஆனதும், எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல பாய்.”

மேஜை மேல் இருந்த போன் அடித்தது. ஏதோ டிரைவர் கூப்பிடுகிறார். யாரும் எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது. பாய் கையிலிருந்த தீய்ந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

“எல்லாரும் சாப்பிடப் போங்க” என்றார் மெதுவாக.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். சேகர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். “அக்கா, உங்களுக்கு ஏதும் வாங்கிட்டு வரவா?” என்றார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

பாய் என்னோடு கீழே இறங்கி வந்தார். தெருவில் நின்று கேட்டார். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?”

“தெரியும் பாய்.”

“ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்றது பாய்?”

ஸ்டேஷன் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. “நானும் தினம் அந்த மேஜையத் தாண்டித்தான் என் ரூமுக்குப் போறேன்” என்றார் கடைசியில்.

சில நாள் கழித்துப் புதுப் பெட்டியோடு போனேன். இந்தத் தடவை மாட்டுவதற்கு முன்னால் நாயகி அக்காவிடம் கேட்டேன். “பழைய மாதிரியே இருக்கட்டுமாக்கா? ஓடத்தான் செய்யுது.”

“வேணாம் சார். புதுசையே மாட்டுங்க. ஒரு மிஷின நம்பி எல்லாரும் உக்காந்திருக்கறது நல்லால்ல” என்றார். குரலில் வருத்தம் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்கிற குரல். மாட்டினேன், யுபிஎஸ்ஸோடு சேர்த்தே மாட்டினேன். கூண்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

போகும்போது கேட்டேன். “இப்ப எப்படிக்கா இருக்கு?”

“இப்ப எல்லாரும் கேக்கறாங்க சார். சாப்டீங்களா, தூங்குனீங்களான்னு. ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்கள கேக்கற மாதிரி கேக்கறாங்க.” சிரித்தார். பார்க்க முடியாத சிரிப்பு அது. சீக்கிரமே அதுவும் நின்றுவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதைச் சரிசெய்ய என் பையில் ஒன்றும் இல்லை.

அதைச் சரிசெய்தவர் சாகுல் பாய்தான். லாரிகள் ஸ்டேஷன் வரிசையிலும் கொள்முதல் நிலைய வாசல்களிலும் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். வேகன் எப்போது வரும் என்று கேட்டு டிரைவர்கள் ஆபீஸுக்கு போன் செய்துகொண்டே இருப்பார்கள். யார் எடுத்தாலும், “வேகன் வரல, வந்தா சொல்றோம், வை” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். ஒருநாள் பாய் அந்த போனைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோர மேஜையில் வைத்தாராம். “அவனுங்ககிட்ட யாரும் பொறுமையாப் பேசறதில்ல நாயகியம்மா. இனிமே நீங்க பாருங்க” என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் சேகர், வலங்கைமான் பஸ்ஸில் பார்த்தபோது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஓர் ஆபீஸுக்குள் போனால் எத்தனை கணினி, எத்தனை மீட்டர் ஒயர் என்று கணக்கெடுப்பீர்கள். எடுங்கள். அதோடு, காலையில் அங்கே யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் நின்று கேளுங்கள். நாம் கழற்றிப் போடும் ஒயரில் நெட் மட்டும்தான் போகிறது என்று நமக்குத் தோன்றும், ஏனென்றால் நம் கையில் இருக்கும் கருவி அதை மட்டும்தான் காட்டும். இன்னொன்று. அவசரம் என்று வந்தால் முதலில் லைனைக் கொண்டுவாருங்கள். யார் செய்தது என்ற பேச்சை அதற்குப் பிறகு வையுங்கள். கோபத்தில் இருக்கும் ஒருவருக்கு நாம் சொல்லும் ஒரு பெயர் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்தாலும் அது வேறொருவர் தலையில் போய் உட்காரலாம். அந்த இடத்தில் நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். கம்பெனிக்கு போன் செய்து கேட்க முடியாது.

அந்த ஆபீஸுக்குக் கடைசியாகப் போனது ஒரு மழைக்காலத்தில். பெட்டிக்கு ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டியிருந்தது, சேகர் கூப்பிட்டிருந்தார். நான் உள்ளே போனபோது நாயகி அக்கா போனில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினார். நான் வேலையை முடித்தேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு டிரைவர், மழையில் மாட்டிக்கொண்டவர் போலிருக்கிறது. ஒரு போனை வைத்ததும் அடுத்தது அடித்தது. எடுக்கும்போது மறுபடியும் என் பக்கம் கையைக் காட்டினார்.

கொஞ்ச நேரம் நின்றேன். ஹாலில் எல்லாரும் வேலையில் இருந்தார்கள். டீ வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்கினேன்.

கீழே கடை ஓரமாகத் தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நின்றேன். மேலே ஜன்னல் திறந்திருந்தது. மழைச் சத்தத்தோடு அவர் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தது.

“தார்ப்பாய இழுத்துக் கட்டிட்டியாப்பா? சாப்டியா? பொய் சொல்லாத, குரலே காட்டிக் குடுக்குது. பக்கத்துல கடை ஏதும் இருக்கா? போயி சாப்புட்டுட்டு எனக்கு போன் பண்ணு. நான் இங்கதான் இருப்பேன்.”

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை தஞ்சாவூர்வரை காலியாகவே வந்தது.